பரணிலிருந்து கூடத்துக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளுக்கு முன்னால், கால் ஒடிந்த முக்காலிகளும், பிரம்பு அறுந்த நாற்காலிகளும், ரசம் போன நிலைக்கண்ணாடிகளும், பித்தளைக் குமிழ் கழன்றுபோன மேசைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைக்கப்பட்டு, வெயிலையும் தூசியையும் வாங்கிக்கொண்டு நிற்பதை, செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சற்று நின்று ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும். அதன் கைப்பிடியைத் துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான், கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த அந்தக் கருமைக்கு அடியில் தேன் நிறத்தில் ஒரு மரம் இன்னும் க்ஷேமமாக இருக்கிறது என்பது தெரியும்.

அந்த மரம் வந்த வழி நீண்டது. பர்மாவின் மலைக்காடுகளில் தேக்கை வெட்டுவதற்கு முன்பு, அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதற்கு உள்ளே இருக்கும் வெளிறையும் வளையமாகக் கொத்தி நீக்கி, மரத்தை நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷங்கள் உலர விடுவது அங்கே வழிவழியாக வந்த முறை. பச்சைத் தேக்கு நீரில் மூழ்கிவிடும். உலர்ந்த தேக்குதான் ஆற்றில் மிதக்கும். அவ்வாறு உலர்ந்த மரத்தை வெட்டி, யானைகளைக் கொண்டு ஓடைக்கரைக்கு இழுத்து, மழைக்கால வெள்ளத்தில் விட்டு, பிறகு தெப்பங்களாகக் கட்டி ஐராவதி முதலிய ஆறுகளின் வழியே இரங்கூன் மர அறுவை ஆலைகளுக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் மேலும் சில வருஷங்கள் கழிந்துவிடும். அந்தத் தேக்குக்கு அக்காலத்தில் இருந்த மதிப்பை அறிய வேண்டுமானால், 1885-இல் மூண்ட மூன்றாம் பர்மிய யுத்தத்துக்கு உடனடிக் காரணமாக அமைந்ததே, பம்பாய்–பர்மா வர்த்தகக் கம்பெனி தேக்குக்குரிய தீர்வையை ஒழுங்காகச் செலுத்தவில்லை என்று தீபோ மன்னரின் அரசாங்கம் விதித்த பெருந்தொகையான அபராதம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். அந்த யுத்தத்தின் முடிவில் மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். பர்மாக் காடுகள் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயின. அதற்குப் பின் வந்த அரை நூற்றாண்டில், பர்மாவில் லேவாதேவி செய்து பொருள் ஈட்டிய நகரத்தார்கள் தங்கள் ஊர்களில் எழுப்பிய மாளிகைகளுக்குத் தூணாகவும், நிலையாகவும், கட்டிலாகவும், பெட்டகமாகவும் அந்தத் தேக்கு வங்கக் கடலைக் கடந்து வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வரத்து நின்றது. பின்னர் குடும்பங்கள் பெருகி, வீடுகள் பங்கு பிரிந்து, வாரிசுகள் நகரங்களில் குடியேறிய காலத்தில், பல வீடுகள் இடிபட்டு, உள்ளே இருந்த சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன.

இப்படிப்பட்ட மரச்சாமான்கள் செட்டிநாட்டில் மட்டும்தான் இருக்கின்றன என்று எண்ண வேண்டியதில்லை. மயிலாப்பூரிலும் கும்பகோணத்திலும் பாளையங்கோட்டையிலும் உள்ள பழைய வீடுகளின் பரணிலும் பின்கட்டிலும் மாட்டுக்கொட்டிலிலும், தாத்தாவின் சாய்வு நாற்காலியோ, கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசையோ, பாட்டியின் அரிசிப் பெட்டியோ, அரைகுறையாக உடைந்து, எதற்கும் உதவாது என்று தீர்மானிக்கப்பட்டுக் கிடப்பது சர்வ சாதாரணம். அவற்றை விறகுக்கோ எடைக்கோ போடுகிறவர்கள், அதற்கு ஈடான மரத்தை இனிமேல் விலை கொடுத்தும் வாங்க முடியாது என்பதை அறிந்தால் சிறிது தயங்குவார்கள். மியன்மார் அரசு 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து முழு மரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடை செய்துவிட்டது. தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் நாம் வழங்கும் மரத்தின் இனம் முழுவதும் 2017 ஜனவரி முதல் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. இருபது முப்பது வருஷங்களில் வெட்டப்படும் தோட்டத் தேக்கில் வெளிறு மிகுதி. நூறு வருஷம் காட்டில் நின்று வயிரம் பாய்ந்த தேக்கில் ஊறியிருக்கும் எண்ணெய்ச் சத்தும், கரையானை அண்டவிடாத காரமும் அதற்கு அந்த அளவில் அமைவதில்லை.

ஆனால், தூக்கி எறிவதைக் காட்டிலும் அதிகமான சேதம், செப்பனிடுகிறோம் என்ற பெயரில் நடந்துவருகிறது என்பதே என் அபிப்பிராயம். பழைய மேசை ஒன்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுகிறார், ஆள் வருகிறது, மின்சாரத்தால் சுழலும் இயந்திரத்தில் உப்புத்தாளைப் பொருத்தி ஒரே முற்பகலில் மேற்பரப்பு முழுவதையும் தேய்த்துத் தள்ளி, சந்துகளில் லப்பம் அடைத்து, சாயம் ஏற்றி, கண்ணாடிபோல் பளபளக்கும் பூச்சு ஒன்றை அடித்துவிட்டுப் போகிறது. மேசை புதிதாகத்தான் தோன்றுகிறது. ஆயினும், பல பத்தாண்டுகள் வெளிச்சம் பட்டுப் பட்டு மரத்துக்கு ஏறியிருந்த நிறம், தாளின் கனம்கூட இல்லாத மேலடுக்கில்தான் இருந்தது. அது தூளாகிப் பெருக்கித் தள்ளப்பட்டுவிட்டது. ஓரங்களில் கை உராய்ந்து உண்டான மழுக்கம், கணக்கெழுதியவரின் முழங்கை ஊன்றிய இடத்தில் இருந்த மெல்லிய பள்ளம், இழைப்புளி ஓடிய தடம் ஆகிய எல்லாம் அதனோடு போய்விட்டன. இங்கிலாந்தில் பழைய தேவாலயங்களின் சுவர்களைச் சுரண்டிப் புதுக்கோலம் செய்யும் வழக்கத்தை எதிர்த்து வில்லியம் மாரிஸ் 1877-இல் ஒரு சங்கத்தை நிறுவியபோது, ‘சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்’ என்றே அதற்கு ஒரு செல்லப்பெயர் வழங்கலாயிற்று. கட்டடங்களுக்காக அவர் சொன்ன வாதம் அவ்வளவும் ஒரு நாற்காலிக்கும் பொருந்தும்.

பழைய ஆசாரிகள் எந்தப் பொருளைச் செய்தாலும், அது ஒரு நாள் பழுதாகும், அன்று வேறொருவர் அதைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதை மனத்தில் கொண்டே செய்தார்கள் என்று நான் நினைப்பதற்கு, அவர்கள் கையாண்ட இரண்டு பொருள்களே சாட்சி. ஒன்று, மிருகத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரம், மற்றொன்று, அரக்கு. வச்சிரம் எத்தனை வருஷம் இறுகியிருந்தாலும் வெந்நீரின் சூடும் ஈரமும் பட்டால் இளகிக் கொடுக்கும். அதன்மேல் புதிய வச்சிரம் பூசினால் பழையதோடு கலந்து மறுபடியும் பிடித்துக்கொள்ளும். அரக்கும் அப்படியே: ஸ்பிரிட் பட்ட மாத்திரத்தில் கரைந்து, புதிய அரக்கோடு ஒன்றாகி, எங்கே பழையது முடிந்தது, எங்கே புதியது தொடங்கியது என்ற அடையாளமே தெரியாமல் இணைந்துவிடும். இந்த இரண்டையும் அறிந்தவனுக்குப் பழைய மரச்சாமான் எதுவும் பூட்டிய பெட்டி அன்று. 1959-இல் அறிமுகமாகி இன்று ஃபெவிகால் என்ற பெயராலேயே ஊரெங்கும் அறியப்படும் வெள்ளைப் பசை, புதிய வேலைக்கு மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், பழைய மூட்டில் அதை ஊற்றினால் மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து இறுகிவிடுகிறது. பிறகு ஒரு நாள் அந்த மூட்டு ஆட்டம் கண்டால், அந்தப் பழைய பசையின்மேல் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டுவதில்லை. மரத்தைச் செதுக்கித்தான் அதை அகற்ற வேண்டியிருக்கிறது. பாலியூரிதேன் பூச்சும் அவ்வாறே, சுரண்டினாலன்றிப் போகாது. அடுத்த கைக்கு இடம் வைக்காத வேலையை நான் செப்பனிடுதல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலையைத் தொடங்குமுன் பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது. மேல்பக்கம் உரிமையாளருக்காகச் செய்யப்பட்டது. அடிப்பக்கத்தில்தான் செய்தவனின் கைவேலை மறைக்கப்படாமல் இருக்கும். இழுப்பறையை உருவி எடுத்து அதன் அடிப்பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், இருவர் மேலும் கீழும் நின்று இழுத்த ரம்பத்தின் நேர்க்கோடுகள் தெரிகின்றனவா, அல்லது இயந்திர ரம்பத்தின் வில்போன்ற வளைகோடுகள் தெரிகின்றனவா என்பதைக் காணலாம். திருகாணி ஒன்றைக் கழற்றிப் பார்த்து, அதன் முனை மொட்டையாக இருந்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்கக்கூடும். கூர்முனைத் திருகாணி அதற்குப் பிறகே பரவியது. சட்டங்கள் கூடும் இடத்தில் இரும்பாணி இல்லாமல் மூங்கில் ஆணியோ மர ஆணியோ தெரிந்தால் மிக நல்லது. அந்த மூட்டைச் சேதமில்லாமல் பிரிக்கலாம். குடும்பத்தின் விலாச எழுத்துகளோ, ஓர் அலுவலகத்தின் சாமான் எண்ணோ எங்கேனும் பொறிக்கப்பட்டிருந்தால் அதை முதலிலேயே குறித்துக்கொண்டு, எந்தக் காரணத்தைக் கொண்டும் அழியாமல் காக்க வேண்டும்.

எழுத்துகளின் அருமையைச் சண்டிகர் நகரம் தாமதமாகத்தான் உணர்ந்தது. 1950-களில் அந்த நகரம் எழுந்தபோது, அதைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் உறவினரான பியேர் ழான்னரே அங்கேயே தங்கி, அரசாங்க அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் உயர்நீதிமன்றத்துக்கும் தேக்கிலும் பிரம்பிலும் எளிய, உறுதியான நாற்காலிகளை வடிவமைத்துக் கொடுத்தார். பிற்காலத்தில் அவை உடைந்து, மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவிக்கப்பட்டுக் கழிவுச் சாமான்களாக ஏலம் விடப்பட்டன. ஐரோப்பிய வியாபாரிகள் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று, பாரிஸிலும் லண்டனிலும் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் அவற்றின் விற்பனையையும் ஏற்றுமதியையும் தடுக்க உத்தரவு பிறப்பித்தது. இன்று அந்த நாற்காலிகளில் ஒன்று உண்மையானதா, போலியா என்று ஆராய்பவர்கள் முதலில் தேடுவது, எந்த அலுவலகத்துக்கு உரியது என்று வர்ணத்தால் எழுதப்பட்ட அந்தச் சாமான் எண்ணைத்தான். உப்புத்தாள் முதலில் தின்பதும் அதைத்தான்.

உளுத்திருக்கிறதா என்பதையும் இந்த வேளையிலேயே பார்த்துவிட வேண்டும். ஊசி நுழையும் அளவுக்குச் சிறு துளைகள் இருப்பதாலேயே பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது; அவை பூச்சி வெளியேறிய வழிகள். பொருளைக் கறுப்புக் காகிதத்தின்மேல் சில நாட்கள் அசையாமல் வைத்து, முகப்பவுடர் போன்ற மெல்லிய தூள் புதிதாக உதிர்ந்திருந்தால்தான் வைத்தியம் தேவை. இந்தப் பூச்சி பெரும்பாலும் மாச்சத்து உள்ள வெளிறைத்தான் தின்னும். தேக்கின் வயிரத்தை நாடுவதில்லை. ஆகையால், சிக்கனத்துக்காக வெளிறு கலந்து போட்ட பின்பலகையிலும் இழுப்பறையின் பக்கங்களிலுமே பெரும்பாலும் தொல்லை இருக்கும். துளைகளுக்குள் ஊசிக்குழலால் பூச்சிமருந்தைச் செலுத்துவது வழக்கமான முறை. அருங்காட்சியகங்களில் பொருளைக் காற்றுப் புகாத உறைக்குள் வைத்து, பிராணவாயுவை அகற்றி, சில வாரங்கள் விட்டுவைக்கிறார்கள்.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். முதலில் ஈரமே கூடாது. மென்மையான தூரிகையால் செதுக்கு வேலைகளின் இடுக்குகளிலிருந்து தூசியைத் தட்டி எடுக்க வேண்டும், ஏனெனில் தூசியோடு ஈரம் சேர்ந்தால் அது சேறாகி மரத்தின் வரிகளுக்குள் ஏறிவிடும். அதன்பின், காரமில்லாத சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியை நனைத்து, சொட்டு நீர்கூட இல்லாதபடி பிழிந்து, ஒரு சாண் அகலத்துக்கு மேல் ஒரே சமயத்தில் போகாமல் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சமையலறைப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் இதற்கு மசியாவிட்டால் டர்பென்டைன் நனைத்த துணி போதும். டர்பென்டைன் பழைய மெழுகைக் கரைக்கும், ஆனால் அரக்கைத் தொடாது. பல பொருள்களுக்கு வேலை இத்துடனேயே முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் நம்புவதில்லை. துணி கறுப்பாக வருவது குறைந்து, மங்கிய பழுப்பாகி, பின்பு சுத்தமாகவே வரும்போது, கீழே பழைய அரக்குப் பூச்சு பெரும்பகுதி நன்றாகவே இருப்பதைக் காணலாம். அந்த இடத்தில் கையை நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனே நல்ல வேலைக்காரன். மரத்தைக் கழுவி வெயிலில் காயப் போடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஒரு பக்கம் விரைவாகக் காய்ந்து சுருங்க, பலகை வளைந்து, நடுவில் வெடித்துவிடும்.

வீட்டுக்கதவுக்கு அடித்த மிச்சப் பச்சை வர்ணத்தை அலமாரிக்கும் அடித்துவைக்கும் பழக்கம் நம்மிடையே வெகு காலம் இருந்தது. அப்படி அடித்த பழைய எனாமல் வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்த்தால், அந்தத் தூள் மூச்சோடும், வீட்டுக் குழந்தைகளின் விரலோடும் உள்ளே போகும். அடுப்புத் தீயாலோ வெப்பக் காற்றாலோ கருக்கி எடுப்பதும் அதே அளவுக்கு ஆபத்தானது. வர்ணம் நீக்கும் மருந்தைப் பூசி, அது குமிழ்த்து எழும்பியபின், கூரற்ற கரண்டியால் ஈரமாகவே வழித்தெடுத்து, முகமூடி அணிந்து, குழந்தைகளை அப்புறப்படுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. காஸ்டிக் சோடாவில் முக்கி எடுத்தால் ஒரே நாளில் வர்ணம் போய்விடும் என்று சொல்பவர்கள் உண்டு. வர்ணத்தோடு வச்சிரமும் கரைந்து மூட்டுகள் கழன்று, தேக்கு கறுத்துப்போவதை அவர்கள் சொல்வதில்லை.

கறைகளில் இரண்டு வகை. காபித் தம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்திருந்தால், அது அரக்குக்குள் புகுந்து தங்கிய ஈரம். ஸ்பிரிட் பட்டும் படாமலும் நனைத்த துணியை ஒரே வீச்சில் மேலாக ஓடவிட்டால், அரக்கு ஒரு கணம் இளகி, ஈரம் வெளியேறி, வளையம் மறைந்துவிடும். கறுப்புக் கறை அப்படியன்று. இரும்பு வாளியையோ இரும்புப் பெட்டியையோ ஈரத்தோடு வைத்த இடத்தில், இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் கூடி அந்தக் கறுப்பை உண்டாக்குகின்றன. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர்கள் மை காய்ச்சியதும் இதே ரசாயனம்தான். ஆகையால் அதைத் தேய்த்து எடுக்க முயல்வது வீண். ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துப் பூசினால் கறுப்பு வெளுத்துவிடும். அந்த அமிலம் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பூசியபின் பலமுறை நீரால் துடைத்து எடுத்தாலொழிய, பின்னர் உப்புத்தாள் போடும்போது அதன் தூள் மூக்கைப் பதம் பார்த்துவிடும்.

ஆடுகிற நாற்காலிக்கு ஆணி அடிப்பதுதான் நம் வீடுகளில் முதல் சிகிச்சையாக இருக்கிறது. அதுவே அந்த நாற்காலியின் கடைசிச் சிகிச்சையாகவும் ஆகிவிடுகிறது. ஆணி மரத்தைப் பிளக்கும், ஆட்டம் நிற்காது. கழுந்து துளைக்குள் ஆடுவதற்குக் காரணம், பழைய வச்சிரம் பொடிந்து போனதுதான். மர ஆணியை மறுபக்கத்திலிருந்து தட்டி வெளியேற்றி, வெந்நீரில் நனைத்த துணியை மூட்டில் சுற்றிச் சிறிது நேரம் வைத்திருந்து, சுத்தியலுக்குப் பதிலாகக் கொட்டாப்புளியால் தட்டினால், சட்டங்கள் தாமாகவே கழன்று வரும். பிரிப்பதற்கு முன்பே ஒவ்வொரு சட்டத்திலும் அடையாளம் இட்டுக்கொள்ள வேண்டும். பழைய கைவேலையில் நான்கு கால்களும் ஒரே மாதிரி தோன்றினாலும் ஒவ்வொரு கழுந்தும் அதனதன் துளைக்கென்றே இழைக்கப்பட்டது. புதிய வச்சிரத்தை முந்தின இரவே நீரில் ஊறவைத்து, பாத்திரத்தை நேரே அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 60 டிகிரி அளவில் கம்பிப்பதம் வரும்வரை இளக்க வேண்டும். கொதித்தால் அதன் பலம் போய்விடும். பூசிச் சேர்த்தபின், கயிற்றை நான்கு கால்களையும் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி இறுக்குகிற எளிய உபாயத்துக்கு ஈடான கருவியை எந்த இரும்புக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பசையே கூடாது. அலமாரிக் கதவின் நடுப்பலகை, சுற்றியுள்ள சட்டத்தின் காடிக்குள் தளர்ச்சியாகச் செருகப்பட்டிருப்பதை, வேலை சரியில்லாமல் போனதாகக் கருதி, அதைப் பசை போட்டு இறுக்கிவிடுபவர்கள் உண்டு. மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில் மட்டும் மழைக்காலத்தில் விரிந்து, கோடையில் சுருங்கும். அந்த அசைவுக்காக விடப்பட்ட இடத்தைப் பசையால் அடைத்தால், அடுத்த சித்திரையில் பலகை மேலிருந்து கீழ்வரை வெடிக்கும். குளிர்சாதன அறைகளில் இது இன்னும் விரைவாக நடக்கிறது.

அரக்குப் பூச்சுக்கு வருவோம். பலாசம், இலந்தை, பூவம் ஆகிய மரங்களின் கிளைகளில் ஒட்டிக்கொண்டு வாழும் மிகச் சிறிய பூச்சி தன்னைச் சுற்றி உமிழும் பிசினே அரக்கு. இதற்கென்றே ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற ஊரில் 1924-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. கிராமபோன் தட்டுகள் அரக்கால் செய்யப்பட்ட காலம் அது. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 150 கிராம் அரக்குச் செதிள்களைப் போட்டு, அவ்வப்போது அசைத்து, ஓரிரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டினால் பூச்சு தயார். கரைத்து வைத்த அரக்கு சில மாதங்களில் காயும் தன்மையை இழந்துவிடுவதால், வேண்டியபோது வேண்டிய அளவே கரைத்துக்கொள்ள வேண்டும்.

பூசுவதற்குத் தூரிகை வேண்டாம். உள்ளங்கையில் அடங்கும் அளவு பஞ்சை உருட்டி, வெளுத்து மென்மையான பழைய வேட்டித் துணியில் வைத்து, முனை பேரிக்காய்போல் குவிந்திருக்கும்படி முறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அரக்கைப் பஞ்சுக்குள் ஊற்றி, துணி வழியாகக் கசியுமாறு ஒரு காகிதத்தில் அழுத்திப் பார்த்து, மிகுதியை ஒற்றி எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு உள்ளே வந்து, வட்டம் வட்டமாக, பிறகு எட்டு வடிவில், எங்கும் கையை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். ஒரு கணம் நின்றால் போதும். அடியில் இருக்கும் அரக்கு இளகித் துணியின் நெசவு அதில் பதிந்துவிடும். துணி ஒட்டி இழுப்பதுபோல் தோன்றும்போது ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டை அதன் முகத்தில் தடவினால் மறுபடியும் வழுக்கிச் செல்லும். பூச்சு படிவதற்கு அடையாளமாக, பொட்டணத்தின் பின்னாலேயே, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போன்ற மெல்லிய மங்கல் ஒன்று தோன்றித் தொடர்ந்து வந்து மறைந்துகொண்டே இருக்கும். இத்தனை மெல்லிய அடுக்குகளைப் பல நாள் இடைவெளி விட்டு ஏற்றினால்தான், மரத்தின் வரிகள் ஆழத்திலிருந்து மேலே எழுந்து வருவதைப் பார்க்க முடியும். மேற்பரப்பில் ஏற்கெனவே அரக்கு நல்ல நிலையில் இருந்தால், இரண்டு மூன்று முறை ஓட்டினாலே போதுமானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. காற்றின் ஈரம் அரக்கோடு கலந்து வெள்ளை பூத்துவிடும். தை பிறந்து பனியும் விலகியபின், வெயில் ஏறிய பகலில் செய்வதே உசிதம். ஆளிவிதை எண்ணெய் பட்ட துணிகளை வேலை முடிந்ததும் சுருட்டி மூலையில் போட்டுவிடுவது பெரிய அபாயம். உலரும்போது அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றும். கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவிட வேண்டும், அல்லது நீரில் முக்கி வைக்க வேண்டும்.

பிரம்பு நாற்காலியின் பின்னல் அறுந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருக்கும். நேராக இரண்டு வரிசை, குறுக்காக இரண்டு வரிசை, இரு மூலைவாட்டிலும் ஒவ்வொன்று என ஆறு முறை பிரம்பு நாரை ஓட்டினால் எண்கோணக் கண்களோடு பின்னல் முடிந்துவிடும். பார்வையற்றோர் பள்ளிகளில் இந்த வேலை தொழிற்கல்வியாகக் கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது; விரல்நுனியின் தடவலாலேயே நார் முறுக்கிக்கொள்ளாமல் ஒரே சீராக இழுக்கும் அவர்களுடைய லாவகம் அபூர்வமானது. அறுந்துபோகாமல் தொய்ந்து மட்டும் இருக்கிற பின்னலுக்கு வேறு செலவே இல்லை: நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெந்நீரால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிட்டால், உலர உலரப் பிரம்பு சுருங்கி மத்தளம்போல் இறுகிவிடும்.

கடைசியாக மெழுகு. தேன்மெழுகு ஒரு பங்கை, டர்பென்டைன் மூன்று பங்கில், தீயின் அருகே கொண்டுபோகாமல், அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைத்து, ஆறியபின் துணியில் சிறிது எடுத்துத் தேய்த்து, அரை மணி கழித்து வேறு துணியால் மெருகு ஏற்றினால், ஒரு வருஷத்துக்கு அது போதும். மாதந்தோறும் எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பது தூசியைச் சேர்க்கும் வழி. நம் வீடுகளில் தினமும் தரையை ஈரத்துணியால் துடைக்கிறபோது நாற்காலிக் கால்களின் அடிமுனை நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. பழைய கட்டில்களிலும் பெட்டகங்களிலும் முதலில் இற்றுப்போவது அந்த இடம்தான். அதன் அடிவெட்டுமுகத்தில் மெழுகை உருக்கி ஊற்றி ஊறவிட்டால் பாதுகாப்பு.

எல்லாம் முடிந்தபின், இழுப்பறையின் அடிப்பலகையிலோ இருக்கையின் உட்பக்கத்திலோ, எந்த வருஷம் இந்த வேலை நடந்தது, எந்தக் கால் புதிதாகச் செருகப்பட்டது, ஒட்டியது வச்சிரமா வேறு பசையா, பூச்சு அரக்கா வேறொன்றா என்ற விவரங்களைச் சுருக்கமாக எழுதி வைக்க வேண்டும். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து அதைக் கவிழ்த்துப் பார்க்கப்போகிற ஆசாரி, ஸ்பிரிட்டை எடுப்பதா, வெந்நீரை எடுப்பதா என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பேனாவால் எழுத வேண்டாம், மை மரத்துக்குள் பரவிவிடும். சாதாரணப் பென்சிலே போதும்.